வழக்கமான கொரோனா பரிசோதனையின் வழியே உருமாறிய வைரஸைக் கண்காணித்தல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மூக்கிலும் தொண்டையிலும் எடுக்கப்படும் ஒரே தடவல் மாதிரி இரண்டு கேள்விகளுக்கு விடை தரக்கூடியது. எனக்குக் கொரோனா தொற்று உள்ளதா என்பது நோயாளியின் கேள்வி. இப்போது பரவிக்கொண்டிருப்பது எந்த வகை வைரஸ் என்பது பொது சுகாதாரத் துறையின் கேள்வி. முதல் கேள்விக்கான விடை ஒரிரு நாட்களுக்குள் அறிக்கையாகக் கைக்கு வந்துவிடும். இரண்டாவது கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த அறிக்கையில் இடம்பெறுவதில்லை. ஆயினும் புதிய திரிபுகள் பரவத் தொடங்கியதை உலகம் முதலில் அறிந்துகொண்டது, பல வேளைகளில், இத்தகைய சாதாரணப் பரிசோதனைகளின் பதிவேடுகளிலிருந்துதான்.

உங்கள் மாதிரியோ, நீங்கள் பராமரிப்பவரின் மாதிரியோ மரபணு பகுப்பாய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று கூறப்பட்டால் அதன் பொருள் என்ன, அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டுமா, அந்த ஆய்வில் உங்களைப் பற்றிய எந்தத் தகவல் வெளிப்படும் ஆகியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

பரிசோதனை எதைத் தேடுகிறது

கொரோனா வைரஸின் மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஒரு நூலைப் போன்றது. வைரஸ் பெருகும்போதெல்லாம் அந்த நூல் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலான பிழைகளால் எந்த விளைவும் இல்லை. மிகச் சில பிழைகள் சேர்ந்து வைரஸ் எளிதில் பரவவோ, முன்பு பெற்ற நோய் எதிர்ப்பாற்றலுக்குத் தப்பவோ உதவுகின்றன. அவ்வாறு ஒரே வகைப் பிழைத் தொகுதியைச் சுமந்து பரவும் வைரஸ் கூட்டத்தையே திரிபு அல்லது உருமாறிய வைரஸ் என்கிறோம்.

ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனை இந்த நூல் முழுவதையும் படிப்பதில்லை. முன்பே தேர்ந்தெடுத்த இரண்டு அல்லது மூன்று வரிகள் மாதிரியில் உள்ளனவா என்று மட்டும் தேடுகிறது. தேடப்படும் வரி கிடைத்தால் அது மீண்டும் மீண்டும் இரட்டிக்கப்பட்டு, கருவியால் உணரத்தக்க ஒளியாக வெளிப்படும். எத்தனையாவது சுற்றில் ஒளி தென்படுகிறது என்பதே சி.டி. மதிப்பு ஆகும். மாதிரியில் வைரஸ் மிகுதியாக இருந்தால் குறைந்த சுற்றிலேயே ஒளி தெரிந்துவிடும். சொற்பமாக இருந்தால் நெடுநேரம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் அளவு இரட்டிப்பாவதால், இரு மாதிரிகளின் சி.டி. மதிப்புகளுக்கிடையே 10 வேறுபாடு இருந்தால், வைரஸ் மரபணுவின் அளவில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு இருப்பதாகக் கொள்ளலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வரியில் எழுத்துப் பிழை நேர்ந்து, கருவியால் அதை அடையாளம் காண இயலாமல் போனாலும், மற்ற வரிகள் கிடைத்தால் அது அதே நூல்தான் என்று உறுதி செய்யலாம். இது பரிசோதனையின் பாதுகாப்பிற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. திரிபுகளைக் கண்டறிவதற்கும் அதுவே கருவியானது எவரும் முன்கூட்டித் திட்டமிடாத ஒன்று.

காணாமற்போன ஆறு எழுத்துகள்

பல நாடுகளில் பயன்பாட்டில் இருந்த டாக்பாத் என்னும் பரிசோதனைத் தொகுப்பு, 'ஓ.ஆர்.எஃப்.1ஏபி', 'என்', 'எஸ்' ஆகிய மூன்று மரபணுக்களில் ஒவ்வொரு பகுதியைத் தேடும். இவற்றுள் 'எஸ்' என்பது வைரஸின் மேற்பரப்பிலுள்ள கூர்ப்புரதத்தை உருவாக்கும் மரபணு. 2020ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இங்கிலாந்தின் பெரும் பரிசோதனைக் கூடங்களில் ஒரு விநோதமான முடிவு அடிக்கடி தென்பட்டது. மற்ற இரண்டு மரபணுக்களும் தெளிவாகக் கிடைத்தன. 'எஸ்' மட்டும் கிடைக்கவில்லை. கூர்ப்புரதத்தின் 69, 70 ஆகிய இடங்களுக்குரிய ஆறு எழுத்துகள் அந்த வைரஸில் விடுபட்டிருந்ததே காரணம். கருவி தேடிய வரி சரியாக அந்த இடத்தில் அமைந்திருந்தது.

இதனை 'எஸ்' மரபணு விடுபாடு என்பர். செய்திகளில் 'எஸ் ஜீன் டிராப்' என்று நீங்கள் கேள்விப்பட்டதும் இதுவே. அந்த வைரஸ் பின்னர் ஆல்ஃபா என்று பெயரிடப்பட்டது. 2020 டிசம்பர் 14 அன்று பிரிட்டன் அரசு அதனை நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாதிரியையும் முழுமையாக வரிசைப்படுத்திப் பார்க்கும்வரை காத்திருக்கத் தேவை இல்லாமல், நாள்தோறும் வரும் பரிசோதனை முடிவுகளில் 'எஸ்' விடுபட்டவை எத்தனை விழுக்காடு என்பதைக் கணக்கிட்டே எந்தப் பகுதியில் ஆல்ஃபா எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதை மதிப்பிட முடிந்தது.

ஓராண்டுக்குப் பின் தென்னாப்பிரிக்காவில் இதே அறிகுறி இன்னும் விரைவாகப் பயன் தந்தது. அப்போது அங்குப் பரவியிருந்த டெல்டா திரிபில் அந்த ஆறு எழுத்துகள் விடுபடவில்லை. எனவே 'எஸ்' மரபணு முறையாகக் கிடைத்துவந்தது. 2021 நவம்பரில் கௌட்டெங் மாகாணத்திலிருந்து வந்த மாதிரிகளில் 'எஸ்' திடீரென்று விடுபடத் தொடங்கியதை ஆய்வகத்தினர் கவனித்தனர். மாதிரிகள் முழு மரபணு வரிசைப்படுத்தலுக்கு உட்படுத்தப்பட்டன. அதே வேளையில் அண்டை நாடான போட்ஸ்வானாவிலும் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. நவம்பர் 24 அன்று உலக சுகாதார நிறுவனத்திற்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது. நவம்பர் 26 அன்று அந்நிறுவனம் அதற்கு ஒமைக்ரான் என்று பெயரிட்டுக் கவலைக்குரிய திரிபாக அறிவித்தது. அத்திரிபு உறுதி செய்யப்பட்ட முதல் மாதிரி நவம்பர் 9 அன்றுதான் எடுக்கப்பட்டிருந்தது. இரண்டரை வாரத்திற்குள் உலகம் எச்சரிக்கப்பட்டது. அந்த நேர்மையான அறிவிப்புக்குப் பல நாடுகள் அளித்த உடனடி மறுமொழி, தென்னாப்பிரிக்க விமானங்களை நிறுத்தியதாகும். கண்டறிந்து சொன்னவரே தண்டனை பெறுவது அடுத்த முறை கண்டறிபவரைத் தயங்கச் செய்யும் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது.

இந்த அறிகுறி நிலையானதன்று. ஒமைக்ரானின் முதல் கிளையான பி.ஏ.1-இல் 'எஸ்' விடுபட்டது. அதனைத் தொடர்ந்து பரவிய பி.ஏ.2-இல் விடுபடவில்லை. ஆகவே அது டெல்டாவைப் போலத் தோற்றமளித்து, 'மறைந்து திரியும் ஒமைக்ரான்' என்று அழைக்கப்பட்டது. அது பரிசோதனைக்குத் தப்பவில்லை. தொற்று உள்ளது என்ற முடிவு சரியாகவே வந்தது. எந்தத் திரிபு என்பதற்கான குறுக்குவழி மட்டுமே அடைபட்டது. பின்னர் வந்த பி.ஏ.5-இல் மீண்டும் விடுபட்டது, எக்ஸ்.பி.பி. வகைகளில் இல்லை, 2023இன் இறுதியில் பரவிய ஜே.என்.1-இல் மறுபடியும் விடுபட்டது. ஆதலால் 'எஸ்' விடுபட்டால் இன்ன திரிபு என்று எக்காலத்திற்கும் பொருந்தும் விதி இல்லை. அந்தந்தக் காலத்தில், அந்தந்தப் பகுதியில் பரவியிருக்கும் திரிபோடு ஒப்பிட்டே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில்

இந்திய அளவில் மரபணு கண்காணிப்பிற்காக 2020 டிசம்பரில் இன்சாகாக் என்னும் ஆய்வகக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் 10 ஆய்வகங்கள் இருந்தன. பின்னர் எண்ணிக்கை உயர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் மாதிரிகள் பிற மாநில ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை இருந்தது. 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டையிலுள்ள மாநில பொது சுகாதார ஆய்வகத்தில் முழு மரபணு பகுப்பாய்வுக் கூடம் தொடங்கப்பட்டது.

2021 டிசம்பரில் ஒமைக்ரான் மாநிலத்திற்குள் வந்தபோது இவ்விரு நிலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்பட்டன. வெளிநாட்டிலிருந்து வந்த பயணியிடம் விமான நிலையத்தில் எடுக்கப்பட்ட மாதிரியில் 'எஸ்' விடுபாடு தென்பட்டது. அவரும் அவருடன் தொடர்பிலிருந்தவர்களும் தனிமைப்படுத்தப்பட்டனர். முழு மரபணு பகுப்பாய்வின் முடிவு வந்த பின்னரே, டிசம்பர் 15 அன்று, மாநிலத்தின் முதல் ஒமைக்ரான் தொற்றாக அது அறிவிக்கப்பட்டது. விடுபாடு என்பது முன்னறிவிப்பு. பகுப்பாய்வு என்பது உறுதிப்பாடு. முதலாவதற்குச் சில மணி நேரம் போதும். இரண்டாவதற்குப் பல நாட்கள் ஆகலாம். பரவலைத் தடுக்க வேண்டிய நடவடிக்கைகள் முதலாவதிலேயே தொடங்கிவிடுகின்றன.

விடுபாடு தெரிந்தால் திரிபு உறுதியா

இல்லை. மாதிரியில் வைரஸ் மிகக் குறைவாக இருந்தால், எந்த உருமாற்றமும் இல்லாமலேயே மூன்று மரபணுக்களுள் ஒன்று கருவிக்குத் தென்படாமல் போகலாம். நோய் குணமாகும் நாட்களில் எடுக்கப்படும் மாதிரிகளிலும், சரியாக எடுக்கப்படாத மாதிரிகளிலும் இது இயல்பு. இதனால்தான் மற்ற இரண்டு மரபணுக்களின் சி.டி. மதிப்பு 30க்கு மிகாமல் இருக்கும்போது மட்டுமே 'எஸ்' இல்லாமையை ஆய்வகங்கள் பொருட்படுத்துகின்றன. முழு மரபணு பகுப்பாய்வுக்கும் போதிய அளவு வைரஸ் தேவை, சி.டி. மதிப்பு மிகுந்த மாதிரிகள் தேர்ந்தெடுக்கப்படாததற்கு இதுவே காரணம்.

மேலும், ஒரே எழுத்துகள் வேறு கிளைகளிலும் விடுபட்டிருக்கலாம். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் நடுவில் 'எஸ்' விடுபட்ட மாதிரிகளுள் மிகச் சிலவே ஆல்ஃபாவாக இருந்தன. நவம்பர் இறுதியில் ஏறத்தாழ அனைத்தும் ஆல்ஃபாவாக இருந்தன. பரிசோதனை மாறவில்லை, அதன் பொருள் ஆறே வாரங்களில் மாறிவிட்டது.

ஆகவே உங்கள் அறிக்கையில் மூன்று மரபணுக்களின் சி.டி. மதிப்புகள் அச்சிடப்பட்டு, அவற்றுள் ஒன்று 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால், அதனைக் கொண்டு நீங்களாகவே திரிபின் பெயரை முடிவு செய்ய வேண்டாம். தொற்று உள்ளது என்ற ஒட்டுமொத்த முடிவு செல்லும். சி.டி. மதிப்பைக் கொண்டு நோயின் கடுமையைக் கணிப்பதும் சரியன்று. மாதிரி எடுத்த விதம், நோயின் எத்தனையாவது நாள், பயன்படுத்திய கருவி ஆகிய அனைத்தும் அம்மதிப்பை மாற்றும்.

திரிபின் பெயர் தெரிந்தால் சிகிச்சை மாறுமா

பெரும்பாலான நோயாளிகளுக்கு மாறாது. ஆக்சிஜன், ஸ்டீராய்டு, இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து போன்றவை நோயாளியின் உடல்நிலையைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றன. பகுப்பாய்வு முடிவுக்காகச் சிகிச்சையைத் தொடங்காமல் காத்திருப்பது ஆபத்தானது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒற்றை நகல் எதிர்ப்பான்கள் எனப்படும் மருந்துகள் கூர்ப்புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு செயல்படுபவை. அந்த இடம் மாறினால் மருந்து பயனற்றுப்போகும். இந்தியாவில் 2021 மே மாதம் முதல் 'ஆன்டிபாடி காக்டெய்ல்' என்ற பெயரில் அறியப்பட்ட காசிரிவிமாப்-இம்டெவிமாப் மருந்து டெல்டாவுக்கு எதிராகப் பயனளித்தது. ஒமைக்ரானுக்கு எதிராகப் பயனளிக்கவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. இரு திரிபுகளும் ஒரே நேரத்தில் பரவிய அந்தச் சில வாரங்களில், விலை உயர்ந்த அம்மருந்தை யாருக்குச் செலுத்துவது என்ற கேள்விக்கு விடை தர, தனி நோயாளியின் பகுப்பாய்வு முடிவு பெரும்பாலும் நேரத்திற்கு வந்து சேராது. ஊரில் எந்தத் திரிபு எத்தனை விழுக்காடு என்ற கணக்கே மருத்துவருக்கு வழிகாட்டியது. முன்பின் அறியாத பிறரின் பரிசோதனை முடிவுகள் ஒரு நோயாளியின் சிகிச்சையைத் தீர்மானிப்பது இவ்வாறுதான்.

தடுப்பூசியும் இவ்வாறே. இன்ஃபுளுயன்சா தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. 1952 முதல் இயங்கிவரும் ஆய்வக வலைப்பின்னல், உலகெங்கும் சாதாரணக் காய்ச்சல் நோயாளிகளிடம் எடுக்கப்படும் மாதிரிகளை ஆராய்வதே அதற்கு அடிப்படை.

ஆராயப்படுவது உங்கள் மரபணு அன்று

'மரபணு பகுப்பாய்வு' என்ற சொல்லைக் கேட்டதும், தங்கள் பரம்பரை நோய்கள் குறித்த தகவல் எடுக்கப்படுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே, அச்சொல் தெளிவாக இல்லை. இங்கு வரிசைப்படுத்தப்படுவது வைரஸின் மரபணு. மாதிரியில் உங்கள் உயிரணுக்களும் சிறிதளவு இருக்கும் என்பது உண்மை. அவற்றிலிருந்து தற்செயலாகப் படிக்கப்படும் மனித மரபணுப் பகுதிகள் கணினி வழியே பிரித்து நீக்கப்படுகின்றன. பன்னாட்டுத் தரவகங்களில் பதிவேற்றப்படும்போது மாதிரி எடுத்த நாள், இடம், சில வேளைகளில் வயது, பாலினம் ஆகியவை சேர்க்கப்படும். பெயரும் முகவரியும் சேர்க்கப்படுவதில்லை.

கண்காணிப்பிற்காகச் செய்யப்படும் இப்பகுப்பாய்வின் முடிவு பொதுவாக நோயாளியிடம் தனியே வழங்கப்படுவதில்லை. முடிவு வரும்போது பலர் குணமடைந்து வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பியிருப்பர். தகவல் வரவில்லை என்பதால் மாதிரி தொலைந்துவிட்டதாகக் கருத வேண்டாம்.

மாதிரியுடன் செல்லும் விவரங்கள் மிக முக்கியம். அறிகுறி தொடங்கிய நாள், தடுப்பூசி போட்ட விவரம், அண்மைப் பயணம், இதற்கு முன் தொற்று ஏற்பட்டதா ஆகியவை சரியாக இல்லாவிட்டால் வைரஸின் வரிசை மட்டும் தெரிந்து பயனில்லை. தனிமைப்படுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தால் பயணத்தை மறைப்பது, திரிபு எங்கிருந்து வந்தது என்ற முதல் கேள்வியையே விடையற்றதாக்கிவிடும். நோயாளி பேச இயலாத நிலையில் இருந்தால் உடனிருப்பவரே இவ்விவரங்களைக் கூற வேண்டியிருக்கும். ஆகவே அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது நல்லது.

வீட்டுப் பரிசோதனையும் குறைந்துவரும் மாதிரிகளும்

வீட்டிலேயே செய்யும் ரேபிட் ஆன்டிஜென் பரிசோதனை வசதியானது, விரைவானது. இவற்றுள் பெரும்பாலானவை 'என்' மரபணு உருவாக்கும் புரதத்தைத் தேடுவதால், கூர்ப்புரதத்தில் ஏற்படும் மாற்றங்கள் அவற்றைப் பெரிதும் பாதிப்பதில்லை. ஆனால் பரிசோதனை முடிந்ததும் அந்த மாதிரி குப்பைக்குச் சென்றுவிடுகிறது. அதில் எந்தத் திரிபு இருந்தது என்பதை எவரும் அறிய இயலாது. பரிசோதனை செய்துகொள்வோரின் எண்ணிக்கை குறைந்துவிட்ட இன்றைய சூழலில், ஆய்வகத்தை வந்தடையும் ஒவ்வொரு மாதிரியும் முன்பைவிடக் கூடுதல் பொறுப்பைச் சுமக்கிறது. கழிவுநீரில் வைரஸைத் தேடும் முறை இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. எனினும், தொற்றியவருக்கு நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைக் கழிவுநீர் சொல்லாது.

லேசான காய்ச்சல் கொண்ட அனைவரும் ஆய்வகத்திற்கு வர வேண்டும் என்பது இதன் பொருளன்று. மருத்துவர் ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையைப் பரிந்துரைத்தால், வீட்டுப் பரிசோதனையில் ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்று அதனைத் தவிர்க்க வேண்டாம்.

பின்வரும் நிலைகளில் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியமானது: புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கட்டுக்குள் வராத எச்.ஐ.வி. தொற்று உடையவர்கள். நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய உடலில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கிப் பெருகக்கூடும். தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. கட்டுக்குள் இல்லாத ஒருவரின் உடலில் அது 216 நாட்கள் நீடித்ததும், அக்காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களைப் பெற்றதும் பதிவாகியுள்ளன. இதில் நோயாளியின் குற்றம் எதுவும் இல்லை. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளைச் சரியாக உட்கொள்ளத் தொடங்கியபின் அவர் கொரோனாவிலிருந்தும் மீண்டார். இத்தகையோருக்குக் காய்ச்சலோ இருமலோ வாரக்கணக்கில் நீடித்தால், 'பழைய தொற்றின் எச்சம்' என்று விட்டுவிடாமல் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் தெரிவிக்கவும். மறுபரிசோதனையும் பகுப்பாய்வும் தேவைப்படலாம்.

திரிபு பரிசோதனைக்கே தப்பிவிடுமா

அரிதாக நேரலாம். 2021 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், சில பரிசோதனைத் தொகுப்புகளின் திறனை வைரஸ் மாற்றங்கள் பாதிக்கக்கூடும் என்று ஆய்வகங்களை எச்சரித்தது. ஒரே ஒரு மரபணுப் பகுதியை மட்டும் நம்பியிருக்கும் பரிசோதனைகளுக்கே இந்த ஆபத்து மிகுதி. கொரோனாவுக்கு வெளியேயும் இது நிகழ்ந்துள்ளது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதியில் பரவிய குரங்கம்மை வைரஸின் புதிய கிளையில், முதலாம் வகையைப் பிரித்தறியப் பயன்பட்ட பரிசோதனை தேடும் பகுதியே இல்லாமற்போயிருந்தது. பொதுவான குரங்கம்மைப் பரிசோதனை தொற்று உண்டு என்று காட்ட, வகைப் பரிசோதனை இல்லை என்று காட்டியது. அந்த முரண்பாட்டைப் பிழை என்று ஒதுக்காமல் ஆராய்ந்ததால் புதிய கிளை வெளிப்பட்டது.

உங்களைப் பொறுத்தவரை இதன் நடைமுறைப் பொருள்: அறிகுறிகள் தெளிவாக இருந்து, வீட்டில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியும் உங்கள் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால், அதனை இறுதி முடிவாகக் கொள்ள வேண்டாம். பெரும்பாலும் காரணம் திரிபாக இராது. மிக முன்னதாகவே மாதிரி எடுத்திருக்கலாம். ஒரிரு நாட்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கவும். அதுவரை முகக்கவசம் அணிந்து, முதியவர்களிடமிருந்து விலகி இருக்கவும்.

மூச்சுத்திணறல், நெஞ்சில் அழுத்தம், மனக்குழப்பம், உதடு நீலம் பாரித்தல், ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே செல்லுதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், பரிசோதனை முடிவு வந்திருந்தாலும் வராவிட்டாலும், உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும். ஆம்புலன்சுக்கு 108 எண்ணையும், மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும் அழைக்கலாம்.